சில நாடுகளில் மட்டும் ஏன் இத்தனை கைதிகள்?

நீங்கள் கேட்டதை முதலில் என் வார்த்தையில் சொல்லிப் பார்க்கிறேன். அமெரிக்கா பணக்கார நாடு, படித்தவர்கள் நிறைய, போலீஸுக்கும் குறைவில்லை, அப்படியிருந்தும் ஏன் அங்கே இத்தனை பேர் சிறையில் இருக்கிறார்கள், ஜப்பானிலும் பின்லாந்திலும் ஏன் அப்படி இல்லை, அது அந்த மக்களின் குணமா, இல்லை மத்திய அமெரிக்காவின் சின்ன நாடான எல் சால்வடாரில் செய்ததுபோல எல்லோரையும் பிடித்து உள்ளே போட்டால் நம் ஊரும் சரியாகிவிடுமா என்று கேட்டிருக்கிறீர்கள். இதற்குள் மூன்று கேள்விகள் இருக்கின்றன. குற்றம் ஏன் சில நாடுகளில் அதிகம், கைதிகள் ஏன் சில நாடுகளில் அதிகம், கைதிகளைக் கூட்டினால் குற்றம் குறையுமா. பெரும்பாலான விவாதங்கள் குழம்பிப்போவதே இந்த மூன்றையும் ஒன்றாகப் போட்டுக் கலக்குவதால்தான்.

நான் குற்றவியல் படித்தவன். இருபது வருடத்துக்கும் மேலாக வக்கீல் தொழில், அதில் பாதிக்கு மேல் தமிழ்நாட்டுச் சிறைகளுக்குள் போய் விசாரணைக் கைதிகளுக்கு மனு எழுதிக் கொடுக்கும் சட்ட உதவி வேலை. அதனால் நம் ஊரைப் பற்றி நான் சொல்வது கண்ணால் பார்த்தது. அமெரிக்கா, பின்லாந்து, எல் சால்வடார் பற்றிச் சொல்வதெல்லாம் படித்துத் தெரிந்துகொண்டது. அந்த வித்தியாசத்தை மனதில் வைத்துக்கொண்டு படியுங்கள்.

முதலில் எண்கள். அமெரிக்காவில் 1 லட்சம் பேருக்குச் சுமார் 540 பேர் சிறையில் இருக்கிறார்கள். கனடாவில் 90 வாக்கில். பின்லாந்தில் 50, 60. இந்தியாவில் 40, ஜப்பானில் அதைவிடக் குறைவு. இதை மட்டும் பார்த்தால் அமெரிக்கர்கள் நம்மைவிடப் பதின்மூன்று மடங்கு கெட்டவர்கள் என்று ஆகிவிடும். சரி, கொலையை எடுத்துக்கொள்வோம். மெக்சிகோவில் கொலை விகிதம் அமெரிக்காவைப்போல நான்கைந்து மடங்கு, ஆனால் கைதிகளின் விகிதம் அமெரிக்காவின் மூன்றில் ஒரு பங்குதான். தென்னாப்பிரிக்காவில் 1 லட்சம் பேருக்கு 40-க்கும் மேல் கொலைகள் நடக்கின்றன, அமெரிக்காவில் ஐந்து, ஆறு. ஆனால் சிறையில் இருப்பவர்களின் விகிதம் தென்னாப்பிரிக்காவில் அமெரிக்காவின் பாதிதான். குற்றம் அதிகமானால் கைதிகளும் அதே அளவுக்கு அதிகமாவார்கள் என்ற கணக்கு இங்கேயே உடைந்துவிடுகிறது. ஒரு நாட்டில் எத்தனை கைதிகள் என்ற எண், அந்த நாட்டு மக்கள் எப்படிப்பட்டவர்கள் என்பதைவிட அந்த நாட்டின் சட்டமும் நீதிமன்றமும் அரசியலும் எப்படிப்பட்டவை என்பதைத்தான் அதிகம் காட்டுகிறது. இதில் எனக்குச் சந்தேகமே கிடையாது.

நான் ஏன் கொலையை மட்டும் எடுத்தேன் என்று கேட்பீர்கள். மற்ற குற்றங்களை நாட்டுக்கு நாடு ஒப்பிடுவது பெரும்பாலும் வீண் வேலை, அதனால்தான். பிணத்தை மறைப்பது கஷ்டம், ஆனால் திருட்டும் அடிதடியும் பாலியல் வன்முறையும் போலீஸ் ஸ்டேஷன்வரை வந்தால்தான் கணக்கில் ஏறும். ஸ்வீடனில் ஒருவர் தன் மனைவியைப் பல மாதம் வன்புணர்ச்சி செய்ததாகப் புகார் வந்தால், ஒவ்வொரு சம்பவத்தையும் தனித்தனிக் குற்றமாகப் பதிவு செய்வார்கள். நம் தேசியக் குற்ற ஆவணக் காப்பகமோ ஒரு எஃப்.ஐ.ஆரில் ஐந்து குற்றங்கள் இருந்தால் அதில் பெரியதை மட்டும்தான் எண்ணும். கேரளா ஏன் எப்போதும் குற்ற விகிதத்தில் மேலே நிற்கிறது? அங்கே போய்ப் புகார் கொடுத்தால் பதிவு செய்கிறார்கள் என்பது அதற்கு ஒரு பெரிய காரணம். இன்னும் பக்கத்திலேயே ஓர் உதாரணம் இருக்கிறது. 2019-ல் தமிழ்நாட்டில் இந்திய தண்டனைச் சட்டத்தின் கீழ் பதிவான வழக்குகள் சுமார் 1.7 லட்சம், 2020-ல் சுமார் 8.9 லட்சம். ஒரே வருடத்தில் தமிழர்கள் ஐந்து மடங்கு குற்றவாளிகளாகிவிடவில்லை, கொரோனா ஊரடங்கை மீறியதற்குப் போட்ட வழக்குகள் அவை. தரவரிசைப் பட்டியல் எதைப் பார்த்தாலும் எனக்கு இந்த 2020-தான் முதலில் ஞாபகம் வரும்.

கைதிகளின் எண்ணிக்கையைப் புரிந்துகொள்ள எங்கள் ஆட்கள் சொல்லும் எளிய கணக்கு ஒன்று இருக்கிறது. சிறை ஒரு தண்ணீர்த் தொட்டி. மேலே குழாயில் எவ்வளவு வேகமாக விழுகிறது, கீழே எவ்வளவு வேகமாக வெளியேறுகிறது என்பதுதான் தொட்டியின் மட்டம். வருடத்துக்கு எத்தனை பேரை உள்ளே அனுப்புகிறோம் என்பது ஒன்று, ஒவ்வொருவரும் எத்தனை நாள் உள்ளே இருக்கிறார் என்பது இன்னொன்று. வடக்கு ஐரோப்பிய நாடுகளில் நிறைய பேர் சிறைக்குப் போகத்தான் செய்கிறார்கள், ஆனால் சில மாதங்களில் வெளியே வந்துவிடுகிறார்கள். அமெரிக்காவில் அதே தப்புக்கு வருடக்கணக்கில் இருக்க வேண்டும். குற்றம் ஒரே அளவில் இருந்தாலும் தண்டனைக் காலத்தை இரண்டு மடங்காக்கினால் சில வருடங்களில் கைதிகள் இரண்டு மடங்காகிவிடுவார்கள். இந்த இரண்டாவது குழாயைத்தான் செய்தி படிப்பவர்கள் கவனிப்பதில்லை.

அமெரிக்காவில் நடந்தது அதுதான். 1970-களின் தொடக்கத்தில் அங்கே மாநில, மத்திய சிறைகளில் சுமார் 2 லட்சம் பேர்தான், அதாவது 1 லட்சம் பேருக்கு 100-ஐத் தொடாத அளவு. ஐம்பது வருடமாகப் பெரிதாக ஏறி இறங்காமல் இருந்த எண் அது. அப்புறம் 2008 வாக்கில் உள்ளூர்ச் சிறைகளையும் சேர்த்து 23 லட்சத்தைத் தொட்டது. நடுவில் என்ன ஆனது? 1960-களில் தொடங்கிக் குற்றங்கள் உண்மையாகவே ஏறின, மக்கள் பயந்தார்கள், அந்தப் பயம் பொய் இல்லை. 1980-ல் கொலை விகிதம் 10-ஐத் தாண்டியது. அதற்கு அரசியல் கொடுத்த பதில்தான் பிரச்சினை. 1971-ல் அதிபர் நிக்சன் போதைப்பொருளை நாட்டின் முதல் எதிரி என்று அறிவித்தார். 1973-ல் நியூயார்க் மாநிலம் கொஞ்சம் ஹெராயின் விற்றாலே குறைந்தது 15 வருடம் என்று சட்டம் போட்டது. 1986-ல் மத்திய அரசு போட்ட சட்டத்தில் கட்டியாக்கிப் புகைக்கும் கிராக் கொக்கைன் 5 கிராமை விற்க வைத்திருந்தால் குறைந்தது 5 வருடம், அதே 5 வருடம் தூள் கொக்கைனுக்கு வேண்டுமென்றால் 500 கிராம் இருக்க வேண்டும். இரண்டும் அடிப்படையில் ஒரே சரக்கு. கிராக் வழக்குகளில் மாட்டியவர்கள் பெரும்பாலும் கறுப்பினத்தவர். இந்த 100-க்கு 1 என்ற கணக்கை 18-க்கு 1 என்று குறைக்கவே 2010 வரை ஆனது. ஒழிக்கவில்லை, குறைத்தார்கள்.

1994-ல் கலிஃபோர்னியா கொண்டுவந்த சட்டம் இன்னும் கடுமை. ஏற்கெனவே இரண்டு பெரிய குற்றங்களில் தண்டனை பெற்றவர் மூன்றாவது தடவை மாட்டினால் 25 வருடம் முதல் ஆயுள்வரை, அந்த மூன்றாவது குற்றம் சின்னதாக இருந்தாலும் சரி. இரண்டு கடைகளில் மொத்தம் ஒன்பது வீடியோ கேசட்டுகள், மதிப்பு 150 டாலர் சொச்சம், திருடிய ஒருவருக்கு இரண்டு திருட்டுக்கும் சேர்த்து 50 வருடம் முதல் ஆயுள்வரை கிடைத்தது. 2003-ல் அந்த நாட்டு உச்ச நீதிமன்றம் அதை 5-க்கு 4 என்ற பெரும்பான்மையில் சரி என்று சொன்னது. வகுப்பில் இந்தத் தீர்ப்பை முதல்முறை படித்த அன்று எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை. அந்தச் சட்டத்தின் கடுமையை 2012-ல் மக்களே வாக்களித்துக் குறைத்தார்கள் என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

இன்னொன்று நமக்குப் பழக்கமில்லாதது. அங்கே பெரும்பாலான மாநிலங்களில் அரசு வழக்கறிஞரைத் தேர்தலில் தேர்ந்தெடுக்கிறார்கள், பல மாநிலங்களில் நீதிபதியையும். தேர்தலில் நிற்கிறவருக்கு ஒரே ஒரு பயம்தான், "இவர் விட்ட ஆள் வெளியே போய்க் கொலை செய்தான்" என்ற விளம்பரம் எதிராளியிடமிருந்து வந்துவிடக் கூடாது. தேவையில்லாமல் பத்து வருடம் உள்ளே இருந்தவனைப் பற்றி யாரும் விளம்பரம் போடுவதில்லை. கூடவே, வழக்குகளில் மிகப் பெரும்பான்மை விசாரணைவரை போவதே இல்லை, "ஒத்துக்கொண்டால் 4 வருடம், விசாரணைக்குப் போய்த் தோற்றால் 20 வருடம்" என்று பேரம் பேசி முடிகிறது. சட்டத்தில் குறைந்தபட்சத் தண்டனை கடுமையாக இருந்தால் இந்தப் பேரத்தில் அரசு வழக்கறிஞரின் கை எப்படி ஓங்கும் என்று நீங்களே யோசித்துப் பாருங்கள். தப்பே செய்யாதவர்கூட ஒத்துக்கொள்வார், ஒத்துக்கொண்டும் இருக்கிறார்கள்.

ஆனால் போதைப்பொருள் சட்டம்தான் முழுக் காரணம் என்று இணையத்தில் அடிக்கடி எழுதுகிறார்களே, அது சரியில்லை. அமெரிக்க மத்தியச் சிறைகளில் இருப்பவர்களில் பாதிக்குக் கொஞ்சம் குறைவானவர்கள் போதைப்பொருள் வழக்குக்காரர்கள் என்பது உண்மை. ஆனால் கைதிகளில் பெரும்பகுதி இருப்பது மாநிலச் சிறைகளில், அங்கே ஏழில் ஒருவர் அளவுக்குத்தான் போதைப்பொருள் வழக்கு, பாதிக்கு மேல் வன்முறைக் குற்றம். போதைக் கைதிகள் அத்தனை பேரையும் நாளைக்கே விடுதலை செய்தாலும் அமெரிக்கா மற்ற பணக்கார நாடுகளைவிடப் பல மடங்கு மேலேதான் நிற்கும். வன்முறைக் குற்றத்துக்குக் கொடுக்கும் தண்டனையின் நீளத்தைத் தொடாமல் அந்த எண் பெரிதாக இறங்காது. இதைச் சொல்ல அங்கே எந்தக் கட்சிக்கும் எளிதில் வாய் வருவதில்லை.

இதற்கு நேர் எதிரான கதை பின்லாந்துடையது. என்னிடம் படிக்க வரும் பிள்ளைகளுக்கு நான் முதலில் சொல்வது இதைத்தான். இன்று பின்லாந்து என்றால் சிறை காலி, சமூகம் அமைதி என்று நினைக்கிறோம், ஆனால் 1950 வாக்கில் அங்கே 1 லட்சம் பேருக்கு 180-க்கும் மேல் கைதிகள். பக்கத்து ஸ்வீடன், நார்வே, டென்மார்க்கைவிட இரண்டு மூன்று மடங்குக்கும் மேல். 1918-ல் உள்நாட்டுப் போர், அப்புறம் சோவியத்துடன் போர்கள், பத்தொன்பதாம் நூற்றாண்டின் கடுமையான தண்டனைச் சட்டம், இவையெல்லாம் சேர்ந்து அப்படி ஆகியிருந்தது. 1960-களின் பிற்பகுதியில் அந்த நாட்டின் குற்றவியல் அறிஞர்களும் நீதிபதிகளும் அதிகாரிகளும் உட்கார்ந்து, அண்டை நாடுகளைவிட நம்மிடம் குற்றம் அப்படி ஒன்றும் அதிகமில்லையே, கைதிகள் மட்டும் ஏன் இத்தனை பேர் என்று கேட்டார்கள். திருட்டுக்கான தண்டனையைக் குறைத்தார்கள், குடித்துவிட்டு வண்டி ஓட்டியவர்களைச் சிறைக்கு அனுப்பாமல் நிபந்தனைத் தண்டனையும் (மறுபடி தப்பு செய்தால்தான் உள்ளே போக வேண்டும்) அபராதமும் போட்டார்கள், 1990-களில் சமூக சேவைத் தண்டனையைக் கொண்டுவந்தார்கள். முப்பது நாற்பது வருடத்தில் கைதிகள் மூன்றில் ஒரு பங்காகிவிட்டார்கள். சரி, குற்றம் என்ன ஆனது? மற்ற மூன்று நாடுகளில் அதே காலத்தில் எப்படி ஏறியதோ, பிறகு எப்படி ஒரு மட்டத்தில் நின்றதோ, கிட்டத்தட்ட அதே கோட்டில்தான் பின்லாந்திலும் போனது. ஒரு நாடு சிறையை இத்தனை தூரம் குறைக்கிறது, பக்கத்து நாடுகள் அதே நிலையில் வைத்திருக்கின்றன, குற்றத்தின் கோடு எல்லா இடத்திலும் ஒன்றுபோல. எங்கள் துறையில் இதைவிடச் சுத்தமான ஒப்பீடு கிடைப்பது அரிது.

அப்படியானால் சிறையால் குற்றம் குறையவே குறையாதா? அப்படிச் சொல்பவர்களோடும் நான் உடன்படவில்லை. ஓர் ஆள் உள்ளே இருக்கும்வரை வெளியே திருட முடியாது, அது உண்மை. கொஞ்சம் பேர் நிறையக் குற்றம் செய்கிறார்கள் என்பதும் உண்மை. கைதிகள் குறைவாக இருக்கும் நாட்டில் அந்தக் கொஞ்சம் பேரை உள்ளே வைத்தால் பலன் தெரியும். ஆனால் எண்ணிக்கை ஏற ஏற, புதிதாக உள்ளே போகிறவர் முன்பு போனவரைவிடச் சின்ன ஆளாகத்தான் இருப்பார், பலன் தேய்ந்துகொண்டே வரும். வயது வேறு இருக்கிறது. உலகத்தில் பெரும்பாலான நாடுகளில் குற்றம் செய்வது பதினெட்டு வயதை ஒட்டி உச்சத்துக்குப் போய், முப்பதைத் தாண்டியதும் சரசரவென்று இறங்கிவிடும். இருபது வயதில் கொள்ளையடித்தவனை ஐம்பத்தைந்து வயதுவரை வைத்திருந்தால், கடைசி இருபது வருடத்தில் அவன் எப்படியும் செய்யப்போகாத குற்றத்தைத்தான் நாம் தடுத்துக்கொண்டிருக்கிறோம்.

1990-களில் அமெரிக்காவில் குற்றம் சரிந்தது எதனால் என்பது இன்றுவரை முடியாத சண்டை. 1991-ல் 9.8 ஆக இருந்த கொலை விகிதம் 2000-ல் 5.5. சிறைதான் காரணம் என்று ஒரு கூட்டம், போலீஸை அதிகப்படுத்தியதுதான் என்று ஒரு கூட்டம், கிராக் சந்தை ஓய்ந்ததுதான் என்று ஒரு கூட்டம், குழந்தைகளின் மூளையைப் பாதிக்கும் ஈயத்தைப் பெட்ரோலில் நிறுத்தியதுதான் என்று இன்னொரு கூட்டம். ஒவ்வொருவரிடமும் கொஞ்சம் ஆதாரம் இருக்கிறது, முழு ஆதாரம் யாரிடமும் இல்லை. சிறைக்கு ஒரு பங்கு உண்டு, ஆனால் பெரும்பங்கு இல்லை என்பது என் அபிப்பிராயம். அதற்கு எனக்கு இரண்டு காரணம். எல்லைக்கு அந்தப் பக்கம் கனடாவிலும் அதே வருடங்களில் குற்றம் நன்றாகவே இறங்கியது, அவர்கள் கைதிகளைக் கூட்டவில்லை. அப்புறம் நியூயார்க் மாநிலம் 1999 வாக்கில் 70,000-க்கும் மேல் இருந்த தன் கைதிகளை அடுத்த இருபது சொச்சம் வருடத்தில் பாதிக்கும் கீழே கொண்டுவந்தது, நியூயார்க் நகரத்தில் 1990-ல் 2,245 ஆக இருந்த கொலைகள் 2017-ல் 292. சிறையைக் காலி செய்ததால் குற்றம் குறைந்தது என்று நான் சொல்ல வரவில்லை. சிறையைக் காலி செய்தால் ஊர் பற்றி எரியும் என்று சொன்னவர்கள் தவறாகிப்போனார்கள், அவ்வளவுதான்.

குற்றம் ஏன் சில நாடுகளில் அதிகம் என்பது இதைவிடக் கடினமான கேள்வி. வறுமைதான் காரணம் என்று எளிதில் சொல்லிவிடுவோம். இந்தியா, வங்கதேசம், இந்தோனேசியா எல்லாம் ஏழைகள் நிறைந்த நாடுகள், கொலை விகிதம் பிரேசிலோடும் மெக்சிகோவோடும் ஒப்பிட்டால் மிகவும் குறைவு. உலக மக்களில் 100-க்கு 8 பேர்தான் லத்தீன் அமெரிக்காவில் இருக்கிறார்கள், உலகக் கொலைகளில் மூன்றில் ஒரு பங்கு அங்கே நடக்கிறது, அந்த நாடுகள் நம்மைவிடப் பணக்கார நாடுகள். வறுமையைவிட, ஒரே ஊரில் மாளிகையும் குடிசையும் எதிரெதிரே நிற்கும் ஏற்றத்தாழ்வு கொலையோடு நெருங்கிப் போகிறது. உலகிலேயே மிக மோசமான ஏற்றத்தாழ்வு உள்ள நாடுகளில் ஒன்று தென்னாப்பிரிக்கா என்பது தற்செயல் இல்லை என்று நினைக்கிறேன். ஆனால் ஏற்றத்தாழ்வு எப்படிக் கொலையாக மாறுகிறது என்பதில் அறிஞர்களிடையே ஒருமித்த கருத்து கிடையாது. அங்கெல்லாம் கூடவே இன்னும் இரண்டு விஷயங்கள் இருக்கின்றன. ஒன்று, கொக்கைன் மாதிரி நீதிமன்றத்துக்குப் போய்த் தீர்த்துக்கொள்ள முடியாத பெரிய சட்டவிரோத வியாபாரம், அதில் கடன் பாக்கிக்கும் எல்லைத் தகராறுக்கும் துப்பாக்கிதான் நீதிபதி. இரண்டு, கொலை செய்தால் பிடிபடுவோம் என்ற பயம் இல்லாமை.

இந்த இரண்டாவதைப் பற்றிக் கொஞ்சம் நின்று சொல்ல வேண்டும், ஏனென்றால் எங்கள் துறையில் கிட்டத்தட்ட எல்லோரும் ஒத்துக்கொள்ளும் ஒரே விஷயம் இதுதான். தண்டனை எவ்வளவு பெரியது என்பதைவிட, கிடைப்பது எவ்வளவு நிச்சயம் என்பதுதான் மனிதனைத் தடுக்கும். 1764-லேயே இத்தாலியின் சட்டச் சிந்தனையாளர் பெக்காரியா இதை எழுதிவிட்டார், பின்னால் வந்த ஆய்வுகள் பெரும்பாலும் அவர் பக்கம்தான் நிற்கின்றன. ஜப்பானில் கொலை வழக்குகளில் 100-க்கு 95-க்கும் மேல் ஆளைப் பிடித்துவிடுகிறார்கள். அமெரிக்காவில், அத்தனை கடுமையான தண்டனை இருந்தும், சமீப வருடங்களில் ஏறக்குறைய பாதிக் கொலைகளில் யாரும் கைதாவதில்லை. மெக்சிகோவில் பெரும்பாலான குற்றங்கள் தண்டனையில் முடிவதே இல்லை. ஒரு தெருவில் அண்ணனைக் கொன்றவன் கண்முன்னே நடமாடுகிறான், போலீஸ் வரவில்லை என்றால், தம்பி என்ன செய்வான்?

அமெரிக்காவுக்கு மட்டும் உரிய காரணம் துப்பாக்கி. பொதுமக்கள் கையில் இருக்கும் துப்பாக்கிகள் சுமார் 40 கோடி, மக்கள்தொகையைவிட அதிகம். திருட்டு, அடிதடி என்று எடுத்தால் அமெரிக்காவுக்கும் பல மேற்கு ஐரோப்பிய நாடுகளுக்கும் பெரிய வித்தியாசம் கிடையாது. வித்தியாசம் பிணத்தில்தான். லண்டனில் குடித்துவிட்டு நடக்கும் சண்டை தையலோடு முடியும், சிகாகோவில் அதே சண்டை சவக்கிடங்கில் முடியும். அங்கே நடக்கும் கொலைகளில் நான்கில் மூன்றுக்கு மேல் துப்பாக்கியால்தான். கொலை வழக்கு என்பதால் தண்டனையும் நீளம், தொட்டியின் மட்டமும் ஏறுகிறது. ஆக, மக்களின் குணமா என்று கேட்டீர்களே, அதற்கு என் பதில், கையில் என்ன இருக்கிறது என்று பாருங்கள் என்பதுதான்.

சிறையே குற்றத்தை வளர்த்த கதையும் உண்டு, பிரேசிலில். 1992 அக்டோபரில் சாவ் பாவ்லோவின் கரண்டிரு சிறையில் கலவரத்தை அடக்கப் போன போலீஸ் 111 கைதிகளைக் கொன்றது. மறு வருடம் அதே மாநிலத்தின் இன்னொரு சிறையில் சில கைதிகள் சேர்ந்து தங்களைக் காத்துக்கொள்ள ஒரு சங்கம் மாதிரி ஆரம்பித்தார்கள். அதுதான் இன்று தென் அமெரிக்காவின் மிகப் பெரிய குற்றக் கும்பல்களில் ஒன்றான பி.சி.சி. கூட்டம் பிதுங்கும் கொட்டடியில் சோப்பும் பாயும் வக்கீலும் அந்தக் கும்பல்தான் கொடுக்கும் என்றால், சின்னத் திருட்டுக்கு உள்ளே போன பையன் யாருக்கு விசுவாசமாக இருப்பான்? அரசு ஒவ்வொரு கைதியை அனுப்பும்போதும் கும்பலுக்கு ஓர் ஆளைச் சேர்த்துக்கொண்டிருந்தது. 2006 மே மாதத்தில் சிறைக்குள்ளிருந்தே உத்தரவு போட்டு சாவ் பாவ்லோ நகரத்தையே அவர்கள் முடக்கிக் காட்டினார்கள்.

இப்போது எல் சால்வடார். இதைப் பற்றித்தான் நீங்கள் அதிகம் ஆர்வமாகக் கேட்டிருக்கிறீர்கள், நியாயம்தான், அந்த எண்கள் யாரையும் அசைத்துப் பார்க்கும். 2015-ல் அங்கே 1 லட்சம் பேருக்கு 100-க்கும் மேல் கொலைகள், உலகத்திலேயே அதிகம். 2024-ல் அரசின் கணக்குப்படி 2-க்கும் கீழே. 2022 மார்ச்சில் ஒரே வார இறுதியில் 87 பேர் கொல்லப்பட்ட பிறகு அதிபர் புக்கேலே நெருக்கடி நிலையை அறிவித்தார், அன்றிலிருந்து 80,000-க்கும் மேற்பட்டவர்களைக் கைது செய்தார்கள், 40,000 பேரை அடைக்கும் பிரம்மாண்டச் சிறை ஒன்றைக் கட்டினார்கள், இன்று அந்த நாட்டில் 1 லட்சம் பேருக்கு 1,600-க்கும் மேல் கைதிகள். அமெரிக்காவைப்போல மூன்று மடங்கு. தெருவில் பயமில்லாமல் நடக்க முடிகிறது என்று அங்குள்ள மக்கள் சொல்கிறார்கள், அதை நான் பொய் என்று சொல்ல மாட்டேன். மாதாமாதம் கும்பலுக்கு மாமூல் கட்டிக்கொண்டிருந்த கடைக்காரருக்கு அது எவ்வளவு பெரிய விஷயம் என்பதை இங்கே பத்திரமாக உட்கார்ந்துகொண்டு குறைத்துப் பேச எனக்கு உரிமை இல்லை.

ஆனால் கதையை 2022-ல் தொடங்கக் கூடாது. அந்தக் கும்பல்கள் எல் சால்வடாரில் பிறந்தவையே இல்லை. உள்நாட்டுப் போரிலிருந்து தப்பி லாஸ் ஏஞ்சல்ஸ் போன அகதிகளின் பிள்ளைகள் அங்கே தெருக் கும்பல்களில் சேர்ந்தார்கள், 1992-ல் போர் முடிந்ததும் அமெரிக்கா அவர்களை ஆயிரக்கணக்கில் திருப்பி அனுப்பியது, வேலையும் இல்லாமல் போலீஸும் சரியாக அமையாமல் இருந்த நாட்டில் அவர்கள் இறங்கினார்கள். 2003-ல் ஒருமுறை "இரும்புக் கை" என்று சொல்லிக் கூட்டம் கூட்டமாகக் கைது செய்து பார்த்தார்கள், கொலைகள் ஏறின, கும்பல்கள் சிறைக்குள் இன்னும் கட்டுக்கோப்பாயின. அப்புறம் முக்கியமான ஒன்று: 2015-ல் 100-க்கு மேல் இருந்த விகிதம், நெருக்கடி நிலை வருவதற்கு முந்தைய வருடமான 2021-லேயே 18 அளவுக்கு இறங்கிவிட்டது. சரிவின் பெரும்பகுதி பெருங்கைதுகளுக்கு முன்பே நடந்திருக்கிறது. அது எதனால் என்பதில் தகராறு இருக்கிறது. கும்பல்களோடு அரசு ரகசியமாகப் பேரம் பேசியது என்று அமெரிக்க நிதித்துறை 2021-ல் வெளிப்படையாகவே சொன்னது, புக்கேலே அரசு மறுத்தது. மிச்சமிருந்த 18-ஐ 2 ஆக்கியதில் கைதுகளுக்குப் பெரிய பங்கு இருக்கிறது என்பதை நான் ஏற்றுக்கொள்கிறேன். அதற்கு விலையாக, தப்பே செய்யாதவர்கள் ஆயிரக்கணக்கில் உள்ளே போனார்கள், அரசே பல ஆயிரம் பேரை விடுவித்து அதை ஒத்துக்கொண்டது, நூற்றுக்கணக்கானோர் சிறையில் இறந்தார்கள், நூற்றுக்கணக்கானவர்களை ஒரே வழக்கில் சேர்த்து விசாரிக்கச் சட்டம் வந்தது. இது பத்து வருடம் கழித்தும் நிற்குமா என்பதற்கு இன்று யாரிடமும் ஆதாரம் கிடையாது. நிற்கும் என்று அடித்துச் சொல்கிறவரையும் நம்பாதீர்கள், கட்டாயம் உடையும் என்கிறவரையும் நம்பாதீர்கள்.

நம் ஊரில் அதைச் செய்யலாமா என்றால், நம்மிடம் இருக்கும் நோயே வேறு. இந்தியாவில் கொலை விகிதம் 2-ஐ ஒட்டித்தான் இருக்கிறது, எல் சால்வடார் அத்தனை கைது செய்து வந்து சேர்ந்த இடத்தில் நாம் ஏற்கெனவே இருக்கிறோம். நம் சிறைகளில் கைதிகள் குறைவு என்பதையும் பெருமையாக எடுத்துக்கொள்ள முடியாது, எத்தனையோ குற்றம் புகாராகவே ஆவதில்லை, புகாரானாலும் கட்டப் பஞ்சாயத்தில் முடிகிறது, நீதிமன்றம் வந்தாலும் வாய்தா வாய்தாவாக இழுத்து சாட்சி பிறழ்ந்துபோகிறது. இருப்பவர்கள் யார் என்று பாருங்கள். 2022 கடைசியில் இந்தியச் சிறைகளில் 5,73,220 பேர், அதில் 4,34,302 பேர் விசாரணைக் கைதிகள். நான்கில் மூன்று பேர் குற்றவாளி என்று இன்னும் யாரும் தீர்ப்புச் சொல்லாதவர்கள். 100 பேருக்கான இடத்தில் 131 பேர். தொட்டிக் கணக்கில் சொன்னால் நம் பிரச்சினை மேல் குழாயில் இல்லை, கீழே அடைத்துக்கொண்டிருக்கிறது.

ஒரு கிளைச் சிறையில் நான் பார்த்த பையனைச் சொல்கிறேன். பத்தொன்பது வயது, பைக் திருட்டு வழக்கு. ரிமாண்டாகி இருபத்திரண்டாவது நாளே ஜாமீன் கிடைத்துவிட்டது. இரண்டு பேர் ஜாமீன் நிற்க வேண்டும், வீட்டு வரி ரசீதோடு. அவன் அம்மா சித்தாள் வேலை, வாடகை வீடு, அவருக்குத் தெரிந்தவர்கள் எல்லோருமே வாடகை வீட்டுக்காரர்கள். வரி ரசீது உள்ள இரண்டு பேரை அந்த அம்மாவால் கண்டுபிடிக்க முடியவில்லை. ஜாமீன் உத்தரவு கையில் இருக்க ஏழு மாதம் உள்ளே இருந்தான். மனு பார்க்க வரும்போதெல்லாம் அந்த அம்மா ஒரு நாள் கூலியை விட்டுவிட்டு வருவார். அவனோடு அதே அறையில் இருந்தவர்களில் இரண்டு பேர் கஞ்சா வியாபாரிகள், ஒருவர் கொலை வழக்கில் பேர் வாங்கியவர். ஏழு மாதம் அவனுக்குச் சாப்பாட்டில் பங்கும் பீடியும் கொடுத்தது அவர்கள்தான். பிரேசில் கதையைப் படிக்கும்போதெல்லாம் எனக்கு அந்த அறைதான் கண்ணில் வரும். அமெரிக்காவின் உள்ளூர்ச் சிறைகளிலும் பெரும்பாலோர் இப்படித்தான், தீர்ப்பு வராதவர்கள், பலர் ஜாமீன் பணம் கட்ட முடியாதவர்கள்.

இதற்கு வழி கொஞ்சம் திறந்திருக்கிறது, அது நிறைய பேருக்குத் தெரியவில்லை. 2024 ஜூலையில் நடைமுறைக்கு வந்த புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 479-வது பிரிவுப்படி, இதற்கு முன் எந்தக் குற்றத்திலும் தண்டனை பெறாதவர், தன் மேலுள்ள குற்றத்துக்கான அதிகபட்சத் தண்டனையில் மூன்றில் ஒரு பங்கு காலம் விசாரணைக் கைதியாக இருந்துவிட்டால் அவரை ஜாமீனில் விட வேண்டும். மற்றவர்களுக்குப் பாதிக் காலம். மரண தண்டனை அல்லது ஆயுள் தண்டனை விதிக்கக்கூடிய வழக்குகளுக்கு இது பொருந்தாது, ஒன்றுக்கு மேற்பட்ட வழக்குகள் நிலுவையில் இருப்பவர்களுக்கும் பொருந்தாது. நீதிமன்றத்துக்கு இதை எழுதி அனுப்ப வேண்டியது சிறைக் கண்காணிப்பாளரின் கடமை. பழைய வழக்குகளுக்கும் இது செல்லும் என்று உச்ச நீதிமன்றம் 2024 ஆகஸ்டில் சொல்லிவிட்டது. ஜாமீன் கிடைத்தும் ஆள் நிறுத்த முடியாமல் ஒரு மாதம் தாண்டிவிட்டால், நிபந்தனையைத் தளர்த்துவது பற்றி நீதிமன்றம் தானாகவே பரிசீலிக்கலாம் என்று 2023 ஜனவரியிலேயே உத்தரவு இருக்கிறது. உங்களுக்குத் தெரிந்த யாராவது அந்தப் பையன் நிலையில் இருந்தால் மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக்குழு அலுவலகத்துக்குப் போகச் சொல்லுங்கள், இல்லை 15100 என்ற எண்ணுக்குப் போன் போடச் சொல்லுங்கள். பணம் கேட்க மாட்டார்கள். போகும்போது எஃப்.ஐ.ஆர் எண், கைதான தேதி, ஜாமீன் உத்தரவு வந்திருந்தால் அதன் நகல், இந்த மூன்றும் கையில் இருந்தால் வேலை சீக்கிரம் நடக்கும்.